ஏடு கலையாத தயிர்

முதல் போன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தது. என் பெரியம்மா மகள். சாப்பிட்டியா என்றுகூடக் கேட்கவில்லை.

“ஏட்டி, எங்க வீட்டு அடுப்படிக்குள்ள எப்ப வந்து ஒளிஞ்சிருந்த?”

நான் அப்போது ராஜபாளையத்தில், நான் வேலை பார்க்கும் பேண்டேஜ் துணிக் கம்பெனியின் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். அந்த வாரம்தான் என் கதை ஒன்று சிறுபத்திரிகையில் வெளிவந்திருந்தது. அந்தப் பத்திரிகையை வாங்குகிறவர்கள் என் சொந்தத்தில் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் யாரோ பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் தள்ளிவிட்டார்கள். காதுகுத்து அழைப்புக்கும் காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூவுக்கும் நடுவில் என் கதை தலைகீழாகக் கிடந்தது. போனைத் திருப்பிப் பிடித்து, பெரிதாக்கி, வரி வரியாக வாசித்திருக்கிறார்கள். இத்தனை வருஷம் எழுதிய என் உரைநடைக் கவிதைகளுக்கு இந்தப் பாக்கியம் வாய்த்ததே இல்லை.

கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வீடு. ராத்திரி உறை ஊற்றிய பால் காலையில் கட்டித் தயிராக நிற்கும். மேலே மஞ்சள் பாய்ந்த ஏடு. அந்த ஏட்டை வீட்டுக்காரர்தான் கலைக்க வேண்டும். மத்தியானம் மில்லிலிருந்து சாப்பிட வருவார். சட்டி மூடியோடு அவர் முன்னால் வரும். திறந்து, ஏடு முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பார். அகப்பையை விட்டு அதை வழித்துத் தன் இலையில் போட்டுக்கொள்வார். அதன் பிறகுதான் மற்றவர்களுக்குத் தயிர். அவர் வெளியூர் போனால் சட்டி அப்படியே இருக்கும், புளிக்கும், பிள்ளை தயிர் கேட்டு அழும், ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு தண்ணீர்ச் சோறு தின்னும். அப்படி ஒரு நாளில் அந்தப் பெண் சட்டியின் நடுவில் கையை விடுகிறாள். பிசைகிறாள், பிள்ளைக்கு ஊட்டுகிறாள், தானும் தின்கிறாள், கை கழுவி மூடியைப் போடுகிறாள். அவர் ஊரிலிருந்து வந்து மூடியைத் திறக்கிறார். கதை அங்கே முடிகிறது. அவள் வசனம் பேசவில்லை. அழவில்லை. பெட்டி கட்டவில்லை.

இப்படி ஒரு வீட்டை நான் பார்த்ததில்லை. கற்பித்தது. ஒரு மத்தியானம் ஆபீஸில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது, எல்லோருக்கும் கட்டிக்கொடுத்தது போக எனக்கென்று மிஞ்சியிருந்த நீர்மோரைப் பார்த்தபோது, கோபத்தில் வந்தது. எழுதி முடித்ததும் எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான்: மிகையாகிவிட்டதோ, இந்தக் காலத்தில் இப்படி ஒரு வீடு எங்கே இருக்கப்போகிறது என்று கேட்பார்களோ என்று.

வீடுகள் வரிசை கட்டி வந்தன.

“அவிய படிச்சிட்டாவ,” என்றாள் பெரியம்மா மகள், தன் வீட்டுக்காரரைச் சொல்லி. “நாந்தான் ஒங்கிட்ட சொல்லிருப்பேன்னு சாமி படத்து முன்னால நிக்க வச்சு சத்தியம் கேக்காவ.”

“நீ எங்கிட்ட ஒண்ணுமே சொன்னதில்லயே.”

“அதத்தான் நானும் கேக்கேன். சொல்லாம எப்படிட்டி ஒனக்குத் தெரியும்?”

ஆபீஸில் பில் போடுகிற பெண் டப்பாவோடு என் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். “எங்க மாமனாரப் பத்தி எழுதிட்டீங்கன்னு வீட்டுல ஒரே ரகளக்கா. எங்க வீட்டுல தயிரு இல்ல, மீன் கொழம்பு. நீங்க பேர மாத்துற மாதிரி மீன மாத்திட்டீங்கன்னு சொல்லுதாவ.” சர்ச்சுக்குப் போகிற என் சிநேகிதி சிரித்துக்கொண்டே சொன்னாள்: “எங்க வீட்டுல ஜெபம் பண்ணிட்டுக் கலைப்பாவ. அம்புட்டுதான் வித்தியாசம்.” தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டி, “பெருகு வேணுமாம்மா? ஏடு கலைச்சுத் தரட்டுமா, கலைக்காம தரட்டுமா?” என்று கேட்டு, தன் பகடியைத் தானே ரசித்தபடி உள்ளே போனார்.

குற்றவாளியைத் தேடி யாரும் அலைய வேண்டாம் என்று அப்போது தெரிந்துகொண்டேன். ஒரு கதையை எழுதித் தெருவில் வைத்தால் போதும். ‘அது நான்தான், என்னைப் பற்றி எப்படி எழுதலாம்’ என்று அவனவனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். நான் எழுதியது ஒரு ஆளை. வந்து நின்றது ஒரு பஞ்சாயத்து.

என் கணவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அவர் ஏடு பார்க்கிற ஆள் இல்லை. எதைப் போட்டாலும் தின்கிற, எதைத் தின்றோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாத ஆள். ஆனால் டீக்கடையில் அவரை விடவில்லை. “என்னண்ணே, இன்னைக்கு ஏடு எப்படி? முழுசா, டேமேஜா?” என்று கேட்டிருக்கிறார்கள். சட்டையெல்லாம் வார்னிஷ் வாசனையோடு வந்து நின்றார்.

“ஒரே ஒரு வரி போடேன். கதையில வாற புருசன் எம் புருசன் இல்லன்னு.”

“போட மாட்டேன்.”

“நான் என்னைக்காவது தயிர எட்டிப் பாத்திருக்கேனா?”

“இல்ல.”

“பொறவு?”

“நீங்க எட்டிப் பாக்காததுனாலதான் எனக்கு என்ன மிஞ்சுதுன்னு ஒங்களுக்குத் தெரியல. ஏடு விசயத்துல நீங்க நல்லவரு. அதுக்கு ஒரு சர்டிபிகேட் வேணும்னா தாரேன். கதையில தர மாட்டேன்.”

அவர் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அது எனக்கு வசதியாகவே இருந்தது.

எழுத்தாளர் கூட்டத்துக்கும் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. மாதம் ஒருமுறை கூடுவார்கள். முன்வரிசையில் ஆண்கள், மின்விசிறிக்கு நேர் கீழே. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து, “இங்கே தயிர் தயிரல்ல, அது பெண்ணுடல்” என்று அறிவித்துவிட்டு, வெட்கப்பட்டு, தண்ணீர் குடித்தார். தாடி வைத்த இளைஞர் ஒருவர் முடிவில் போதாமை இருக்கிறது என்றார். அவள் அந்த வீட்டை விட்டு வெளியேறியிருக்க வேண்டுமாம். தாலியை என்ன செய்தாள் என்று கதை சொல்லவில்லையாம். தயிரைத் தயிராக வாசித்தவர் அந்த அறையில் யாருமில்லை. எல்லோருடைய வீட்டிலும் யாரோ ஒருத்தி அவர்களுக்காகத் தயிரை மூடி வைத்திருந்தாள்.

இதைச் சொல்ல எனக்கு நாக்கு அரிக்கிறது, சொல்லிவிடுகிறேன். வீட்டை விட்டு வெளியேறுகிற பெண்ணை இவர்களுக்குப் பிடிக்கும். கதவைச் சாத்திவிட்டுப் பஸ் ஏறிப் போகிறவளுக்கு இவர்கள் கைதட்டுவார்கள். ஏனென்றால் அவள் போய்விடுகிறாள். வீடு அப்படியே இருக்கிறது, அடுப்பு அப்படியே இருக்கிறது, சட்டி அப்படியே இருக்கிறது, இன்னொருத்தியைக் கொண்டு வந்து வைத்துக்கொள்ளலாம். செத்துப்போகிறவளைப் பிடிக்கும், அழலாம். கலெக்டர் ஆகிறவளை ரொம்பப் பிடிக்கும், மாலை போடலாம். அதே அடுப்படியில், அதே வெயிலில், போகாமலும் சாகாமலும் உட்கார்ந்து, அவனுக்கென்று வைத்திருப்பதைத் தின்றுவிட்டு, நாளைக்கும் அங்கேயே இருக்கப்போகிறவளைத்தான் பிடிக்காது. அவளை என்ன செய்வது என்று இவர்களுக்குத் தெரியாது. அவளைத்தான் நான் எழுதினேன். அவளை எழுதுவதற்காகவே எனக்கு இந்த வயது வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மதுரையிலிருந்து ஒரு பதிப்பாளர் அழைத்தார். தென்மாவட்டத்துப் பெண்களின் கதைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போடுகிறார், அவரும் பெண்தான். என் கதையைச் சேர்க்க வேண்டும் என்றார். சரி என்றேன். இப்படித்தான் ஒரு கதை நாலு பக்கத் தாளிலிருந்து அட்டை போட்ட புத்தகத்துக்குப் போகப் பார்த்தது. இப்படித்தான் பெரிய சண்டையும் வந்தது.

என் கணவரின் அண்ணன் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். அவர் மகள் கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கிறாள், கடைசி வருஷம். கூடப் படித்த பையனைப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சொல்லி, முகம் சுளித்து, ஜாதகம் பார்த்து, ஒருவழியாகப் பூ வைத்து முடித்திருந்தார்கள். பையனின் அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருப்பவர். பாலைப் பார்த்தே எந்தத் தெரு மாடு என்று சொல்லுவார் என்று அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள்.

கதை அவருக்கும் போயிருக்கிறது. அவரும் அது தன் வீடுதான் என்று முடிவு கட்டிவிட்டார். மற்றவர்களைவிட ஒரு படி மேலே போய், செய்தி யார் வழியாகக் கசிந்தது என்பதையும் கண்டுபிடித்துவிட்டார். நிச்சயம் முடிந்து ஒருநாள் அந்தப் பெண் அவர்கள் வீட்டுக்குப் போய் வந்திருந்தாள் அல்லவா? அவள்தான் அடுப்படியைப் பார்த்துவிட்டு வந்து சித்தியிடம் சொல்லியிருக்கிறாள். சித்தி கதை கட்டிவிட்டாள். “வாறதுக்கு முன்னாலயே வீட்டு விசயத்த வெளிய கொண்டு போற பிள்ளைய நாங்க எப்படி எடுக்க?” என்று சொல்லி அனுப்பினார். கதை புத்தகத்தில் வரக் கூடாது. எழுதியவளே தன் வாயால் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கல்யாணப் பேச்சை நிறுத்திவிடலாம்.

மறுநாள் காலை நான் டவுன் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் அவளும் நின்றாள், கழுத்தில் அடையாள அட்டையோடு, காலேஜ் பஸ்ஸுக்காக. மேற்கே மலையில் மேகம் இறங்கியிருந்தது. அவள் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துப் பேசினாள்.

“சித்தி, நான் அவிய வீட்டுக்குப் போயி காப்பி குடிச்சேன். தயிரக் கண்ணாலகூடப் பாக்கல.”

“எனக்குத் தெரியும்டா.”

“ஒங்களுக்குத் தெரிஞ்சு என்ன புண்ணியம்? அவியளுக்குத் தெரியணும்.”

“இப்ப கதைய எடுத்தா, நீதான் வந்து சொன்னன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்.”

“ஆகட்டும். மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன். ஒங்க கதையில வாறவளுக்கு என்ன சித்தி, பசிச்சா திங்கா, கழுவிட்டுப் போறா. எனக்குக் கல்யாணம் நடக்கணும்.”

“அந்த வீட்டுலயா?”

அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்படி ஒரு பகையை அவள் முகத்தில் நான் பார்த்ததில்லை.

“அந்த வீட்டுலதான். அவன்கூடத்தான். எங்கப்பா வேண்டாம்னு சொன்னப்ப எனக்காகச் சண்ட போட்டீய. இப்ப நீங்க வேண்டாம்னு சொல்லுதீய. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? எங்கிட்ட யாராவது கேட்டீயளா?”

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். நான் என் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன். பெண்ணுரிமை பேசுகிறவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசும்போது இந்தக் கேள்வி எழுவதில்லை. பஸ் ஸ்டாப்பில் எழுகிறது.

கல்யாணம் நடந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அதற்காக யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். பையன் பிடிவாதமாக நின்றான், நடந்தது. நானும் போனேன். மண்டபத்து வாசலில் சந்தனக் கிண்ணம் என்னைத் தாண்டிப் பின்னால் வந்தவளிடம் போனது. போட்டோவுக்குக் கூப்பிடவில்லை. அந்தப் பிள்ளை இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அதற்கான நியாயம் அவளிடம் இருக்கிறது. என் நியாயம் வேறு. இரண்டும் ஒரே தெருவில் எதிரெதிரே குடியிருக்கின்றன.

ஆனால் கதை என்ன ஆயிற்று என்பதைச் சொல்ல வேண்டும்.

கல்யாணத்துக்கு முந்தின புரட்டாசிச் சனிக்கிழமை. பையனின் அப்பாவும் அம்மாவும் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலிருக்கிற திருவண்ணாமலையில் மலையேறிப் பெருமாளைச் சேவித்துவிட்டு, நெற்றி நாமத்தோடு, துளசி மணக்க, மத்தியானச் சாப்பாட்டுக்கு ராஜபாளையம் வந்தார்கள். சாப்பிட்டுவிட்டு ‘பேசி முடித்துக்கொள்வது’ என்று ஏற்பாடு. என்னையும் வரச் சொன்னார்கள். சமையலுக்கு ஆள் வேண்டுமே.

என் கணவரின் அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அடுப்படிக்குள் நுழைந்ததும் அக்கா ஒரு புதுச் சட்டியைக் காட்டினார். மூடியைத் தூக்கினார். தடித்த ஏடு, ஒரு கீறல் இல்லை.

“பால்கோவாக் கடைக்காரருக்குன்னு தனியா உறை ஊத்துனேன். நம்ம வீட்டுலயும் மரியாத தெரியும்னு அவிய பாக்கட்டும்.”

“யக்கா, கதையில எழுதினதயே செஞ்சு வச்சிருக்கீய.”

“நீ எழுதி நாசமாக்குனத நான் செஞ்சு சரி பண்ணுதேன். அப்பளத்தப் பொரி.”

ஆண்கள் மூவரும் இலையில் உட்கார்ந்தார்கள். கடைக்காரர், என் கணவரின் அண்ணன், என் கணவர். பையனின் அம்மா தன் கணவரின் இலைக்குப் பின்னால் சுவரோரம் நின்றார், அடுத்து எது வேண்டும் என்று அவர் தொண்டையைச் செருமுவதை வைத்தே தெரிந்துகொள்கிறவராக. மெலிந்த, உயரமான அம்மாள். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. சாம்பார், ரசம் எல்லாம் முடிந்து அக்கா சட்டியைக் கொண்டுபோய்க் கடைக்காரர் முன்னால் வைத்து மூடியை எடுத்தார்.

அவர் குனிந்து பார்த்தார். சிரித்தார்.

“அடடே, கதாசிரியர் வீட்டுலயா? ஏடு கலையாம வருதே.” அகப்பையை எடுத்து என் பக்கம் நீட்டினார். “வாங்க தங்கச்சி. நீங்கதான கலைக்கணும். எழுதத் தெரிஞ்ச கைக்கு இது என்ன பெரிய காரியமா?”

என் கணவரின் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். என் கணவர் இலையைப் பார்த்தார். நான் அகப்பையை வாங்கினேன். நன்றாக நினைவிருக்கிறது, கோபமாகத்தான் வாங்கினேன். உட்கார்ந்தேன். சட்டிக்கு மேலே கையைக் கொண்டுபோனேன்.

“கை போகாது,” என்றார் பையனின் அம்மா.

என்னிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. மழை வராது என்று சொல்வதுபோல.

கை போகவில்லை.

இதற்கு நான் என்ன விளக்கம் சொல்ல? அந்த ஏடு ஒரு தோல்போலக் கிடந்தது, மின்விசிறிக் காற்றில் லேசாகச் சுருங்கிக்கொண்டு. கையில் அகப்பை இருந்தது. எதிரில் நான் வெறுக்கும் ஒரு மனிதர் இருந்தார். கலைத்திருக்க வேண்டும், சட்டியோடு கவிழ்த்திருக்க வேண்டும். ஆனால் கை தன் பாட்டுக்கு வேறு யாரையோ கேட்டு நின்றது. என் அம்மாவின் கை, அவள் மாமியாரின் கை, பேர் தெரியாத எத்தனை பேரின் கையோ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டதுபோல. நான் எழுதிய அத்தனை வரிகளும் அந்த இடத்தில் எனக்கு எதற்கும் ஆகவில்லை.

“எழுத்துலதான் வீரம்,” என்று கடைக்காரர் அகப்பையை என் கையிலிருந்து எடுத்து, ஒரே வழிப்பில் ஏட்டை உருட்டித் தன் இலையில் போட்டுக்கொண்டார். “ருசி. தங்கச்சிக்கு விசயம் புரிஞ்சிட்டு. சாப்பிட்டதும் போனப் போடுவோம்.”

பிறகு பெண்கள் அடுப்படியில் உட்கார்ந்தோம். சட்டியின் அடியில் மிஞ்சிய தயிரில் அக்கா தண்ணீர் ஊற்றினார். பையனின் அம்மா எனக்கு நேர் எதிரே இருந்தார். அப்போதுதான் என்னைப் பார்த்து முதல் வார்த்தை பேசினார்.

“ஒங்க கத பொய், மதினி.”

“கதைன்னா பொய்தான மதினி.”

“நான் சொல்லுதது அந்தப் பொய் இல்ல.” சோற்றைத் தள்ளி வைத்தார். “ஏடு எப்படிக் கட்டும்னு தெரியுமா ஒங்களுக்கு? பால எம்புட்டு சுண்ட விடணும், எந்தச் சூட்டுல உறை ஊத்தணும், ஊத்துன பொறவு சட்டிய அசைக்காம எந்த மூலையில வைக்கணும்? எறும்பு வராமப் பாக்கணும். பிள்ளைய வராமப் பாக்கணும். எம் பிள்ளைய ரெண்டு பேரையும் அகப்பக் காம்பால அடிச்சிருக்கேன், இந்த ஏட்டுக்காக. நீங்க என்னடான்னா அவ பாட்டுக்குக் கைய விட்டா, தின்னா, கழுவுனான்னு எழுதி வச்சிருக்கீய. நாலு வரி. அம்புட்டு லேசா? அப்ப நான் இத்தன வருசம் கலைக்காம இருந்தது என்ன, கிறுக்கா?”

“கிறுக்குன்னு நான் எழுதல.”

“எழுதல. வாசிக்கிறவ அப்படித்தான நெனப்பா? ஒங்க கையே போகலியே.”

அக்கா, “மதினி, மெதுவா, அவிய காதுல விழப்போகுது,” என்றார்.

அவர் குரலைத் தணித்தார். கோபம் தணியவில்லை. “நான் விரல் வச்சேன் ஒருநா. மூத்தவனுக்குக் காய்ச்சல், தயிருக்கு ஏங்குதான். அவிய ஊருல இல்ல. மூடியத் தெறந்து நடுவுல விரல வச்சேன். ஏடு விரல்ல ஒட்டிக்கிட்டு வந்துச்சு. ஒடனே எடுத்துட்டேன். பிள்ளைக்குக் குடுக்கல. பள்ளம் விழுந்துபோச்சு. மறுநா அவிய கேட்டப்ப பூன வாய வச்சிட்டுன்னு சொன்னேன். நாங்க வளத்த பூன. அத ஒரு சாக்குல கட்டி, சைக்கிள்ல வச்சு, செண்பகத்தோப்புப் பக்கம் காட்டோரமா கொண்டு விட்டுட்டு வந்தாவ. அது கத்திக்கிட்டே போச்சு. நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.” என்னை முறைத்தார். “கை போறது அப்படித்தான் மதினி. அத எழுதத் தெரியல ஒங்களுக்கு. சும்மா வீரம் எழுதுதீய.”

முன்வரிசை ஆண்களும், தாடிக்கார இளைஞரும், என் சொந்தக்காரர்களும் ஏசியது எதுவும் என்மேல் ஒட்டவில்லை. இது ஒட்டியது. அவர் என்னை வெறுத்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கதையை வாசித்த ஒரே ஆள் அவர்தான்.

வெளியே கூப்பிட்டார்கள். கூடத்தில் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். என் கணவரின் அண்ணன் என் போனை எடுத்து டீப்பாயில் வைத்தார். “ஏம்மா, மதுரைக்காரம்மாவுக்குப் போடு. ஸ்பீக்கர்ல போடு. எல்லாரும் கேக்கட்டும்.”

“அத்தான், நான் அப்பறம்...”

“இப்பவே. சாமி கும்புட்டு வந்த நேரம், நல்லதா முடிஞ்சிரட்டும்.”

மாடிப்படியில் அந்தப் பிள்ளை வந்து நின்றாள். கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் போனைப் பார்த்தாள். அழைத்தேன். மணி அடித்தது. கடைக்காரர் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்க, சொல்லுங்க,” என்றது பதிப்பாளரின் குரல், கூடம் முழுக்க. “கதை அச்சுக்குப் போகப்போகுது. ஏதாவது மாத்தணுமா?”

“ஆமா மேடம். ஒரு மாத்தம் இருக்கு.”

என் கணவரின் அண்ணன் நிம்மதியாகச் சாய்ந்தார்.

“முடிவு சரியில்ல. அவ அவ்வளவு லேசா கைய விட்டுர மாட்டா. முதல்ல கை போகாது. ஏட்டுக்கு மேல போயி நிக்கும். அவ அந்தத் தயிர எப்படிக் காத்தா, அதுக்காகப் பெத்த பிள்ளையவே அடிச்சான்னு எழுதணும். கத நீளும். எனக்கு ஒரு வாரம் குடுங்க.”

பூனையைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அது என்னுடையது இல்லை. அதைச் சொன்னால் அந்த அம்மாள் இன்று எந்த வீட்டுக்குத் திரும்பிப் போவார் என்று எனக்குத் தெரியும்.

“நல்லா இருக்கே,” என்றார் பதிப்பாளர். “அப்ப கதையைச் சேர்க்கிறோம், நீளமா.”

“சேருங்க.”

“ஏய்!” என்று எழுந்தார் என் கணவரின் அண்ணன். மேலே மாடியில் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. என் கணவர் என்னைப் பார்த்தார், ஏசவும் தெரியாமல், பக்கத்தில் வந்து நிற்கவும் தெரியாமல். கடைக்காரர் வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். “பாத்தீரா,” என்றார் மெதுவாக, “பிள்ளைய அடிச்சாளாம். இதையும் எங்க வீட்டுல இருந்து யாரு சொன்னாவ? அன்னைக்கு இந்தப் பிள்ள எங்க பிறந்திருந்துச்சு?”

அவர் தன் கேள்விக்குள் தானே போய் விழுந்ததை அப்போதுதான் உணர்ந்தார் என்று நினைக்கிறேன். அந்தப் பிள்ளை பார்த்திருக்க முடியாது. பார்த்தவர் ஒருவர்தான் இருக்க முடியும். மெல்லத் தலையைத் திருப்பி அடுப்படி வாசலைப் பார்த்தார்.

பையனின் அம்மா அங்கே நின்றார், கையை முந்தானையில் துடைத்தபடி. முகத்தில் அதே கோபம். இப்போது அது யார்மேல் என்று சொல்ல முடியவில்லை.

“பூனைய விட்டுட்டீயளே மதினி,” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. “எழுதுனா முழுசா எழுதுங்க.”

“பின்னால யாரு பேசுறது?” என்றது போன்.

“எந்தப் பூன?” என்றார் கடைக்காரர்.

அந்த அம்மாள் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, வெயிலில் நின்ற காரைப் பார்த்தபடி சொன்னார்: “வாங்க. போற வழியில சொல்லுதேன்.”